விளக்குதலும் ஈகையே

கற்றவர் தாம் கற்றதைப் பிறருக்கு வழங்கக் கடமைப்பட்டவர் என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை இல்லை. தெளிவு வந்த பின்னும் அதனை மறைத்து வைப்போரை ஸூரத்துல் பகராவில் இறைவன் கடுமையாகக் கண்டித்திருக்கின்றான். அண்ணல் நபி (ஸல்) அவர்களும் கேட்கப்பட்ட அறிவை ஒளிப்போருக்குரிய மறுமைத் தண்டனையை எடுத்துரைத்து எச்சரித்திருக்கின்றார்கள். ஆகவே, வழங்க வேண்டுமா என்பது வினாவன்று. வழங்குதல் எந்த இடத்தில் நிறைவு பெறுகின்றது என்பதே வினா. ஒன்றை மறைக்காமல் பொதுவில் வைத்துவிட்டால் கடமை தீர்ந்ததா? அல்லது, அதனை நாடி வரும் தொடக்கநிலையாளன் எடுத்துக் கையாளும் வகையில் விளங்க உரைக்கும் வரை அக்கடமை நிலுவையில் நிற்கின்றதா?

மத்ரஸாக்களில் பன்னூறு ஆண்டுகளாகப் பேசப்பட்டு வரும் இவ்வினா, நம் காலத்தில் ஒரு புதிய களத்தில் தோன்றியிருக்கின்றது. அக்களம் கணினி. அதிலும், விலையின்றியும் விலங்கின்றியும் உலகுக்கு வழங்கப்பட்டிருக்கும் கட்டற்ற இயங்குதளங்களின் களம். அங்கே கொடை பெரிது. கொடுத்தோர் உள்ளமும் பெரிது. எனினும் அக்கொடை எளியவரின் வாயில் வரை வந்து நின்றுவிடுகின்றது. ஏன் என்பதை ஆராய்ந்தால், கணினியைப் பற்றி மட்டுமின்றி, கற்றல் கற்பித்தல் குறித்தும் சில உண்மைகள் புலனாகும்.

கிணறும் வக்ஃபும்

கணினியை இயக்கியவுடன் அதன் உறுப்புகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி, நாம் இடும் ஏவல்களை ஏற்று நடத்தும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் உள்ள கணினிகளில் பெரும்பாலானவை நிறுவனங்களின் உடைமையான இயங்குதளங்களைக் கொண்டவை. அவற்றை நாம் பயன்படுத்தலாம். உள்ளே எவ்வாறு இயங்குகின்றன என்று பார்க்க இயலாது. நம் தேவைக்கேற்ப மாற்ற இயலாது. அண்டை வீட்டாருக்குப் படியெடுத்துக் கொடுப்பதும் குற்றமாகும்.

இந்நிலையை ஏற்க மனமில்லாத ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்க நிரலாளர், 1983 செப்டம்பர் 27ஆம் நாள் ‘குனூ’ என்னும் பெயரில் ஒரு கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அறிவித்தார். எந்நோக்கத்துக்கும் இயக்குதல், மூலநிரலைக் கற்று மாற்றுதல், படியெடுத்துப் பிறருக்குக் கொடுத்தல், மாற்றியதையும் பரப்புதல் என நான்கு உரிமைகள் அதன் அடிப்படையாயின. 1989இல் இவ்வுரிமைகளைக் காக்கும் பொது உரிமம் ஒன்று வெளியாயிற்று. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், ‘லினக்ஸ்’ எனப்படும் கருநிரலை எழுதி வெளியிட்டார். மறு ஆண்டு அதனையும் அப்பொது உரிமத்தின் கீழ்க் கொணர்ந்தார். இரண்டும் இணைந்து முழுமையான இயங்குதளம் உருவாயிற்று. 1993இல் டெபியன், 2004இல் உபுண்டு என அதன் வடிவங்கள் பல்கின. வேறொரு மரபில் ஃப்ரீ பி.எஸ்.டி. என்பதும் 1993இல் தோன்றியது.

‘கட்டற்ற’ என்னும் சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அவர்கள் ஓயாமல் விளக்கம் சொல்ல நேர்கின்றது. அரபியில் அந்த இடர்ப்பாடு இல்லை. விலையில்லாதது ‘மஜ்ஜான்’, விடுதலை பெற்றது ‘ஹுர்ர்’. தமிழிலும் இலவசம் வேறு, கட்டற்றது வேறு.

நம் மரபில் இதற்கு நெருங்கிய ஒப்புமை வக்ஃபு ஆகும். மதீனாவில் ரூமா என்னும் கிணற்றின் நீர் விலைக்கு விற்கப்பட்டு வந்தது. அதனை உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பொருள் கொடுத்து வாங்கி, செல்வரும் வறியரும் வழிப்போக்கரும் பருகுமாறு அறமாக்கினார்கள். வக்ஃபு செய்யப்பட்டதை மீண்டும் ஒருவர் தம் உடைமையாக்கிக் கொள்ள இயலாது. வக்ஃபு செய்தவரின் நிபந்தனை பின்வருவோரையும் கட்டுப்படுத்தும். பொது உரிமமும் இத்தகையதே. இம்மென்பொருளை மாற்றிப் பிறருக்குக் கொடுப்பவர், தாம் பெற்ற அதே உரிமைகளுடன் கொடுக்க வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. சட்ட நோக்கில் இவ்வொப்புமை முழுமையானதன்று. நோக்கத்தில் இரண்டும் உறவுடையவை.

இனி வினாவுக்கு வருவோம். கிணறு வக்ஃபாயிற்று. ஆனால் அது ஆழமானது. கயிறும் இல்லை, வாளியும் இல்லை. தாகத்தோடு வருபவன் எட்டிப் பார்க்கின்றான், நீர் தெரிகின்றது. அந்நீரில் அவனுக்கு முழு உரிமை உண்டு என்று கல்வெட்டும் சொல்கின்றது. அவனுக்குக் கிடைத்தது உரிமையா, தாகமா?

அறிந்தவர் எழுதிய ஏடு

கயிறு அறவே இல்லை என்று சொல்வது நீதியாகாது. இவ்வியங்குதளங்களுக்குக் கையேடுகள் உண்டு. அவற்றின் மூதாதை, பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் கையேடு; அதன் முதற் பதிப்பு 1971 நவம்பர் 3 என நாளிடப்பட்டது. யூனிக்ஸ் கட்டற்றதன்று, ஆயினும் அதன் கையேட்டு மரபே இன்றுவரை கட்டற்ற இயங்குதளங்களில் தொடர்கின்றது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். பெயர், சொல்லும் முறை, விளக்கம், தொடர்புடையவை என வகுத்த தலைப்புகள். ‘பிழைகள்’ என்று ஒரு தலைப்பும் அந்த முதற் பதிப்பிலேயே இருந்தது. தாம் செய்த பொருளின் குறையைத் தாமே எழுதி வைக்கும் இந்நேர்மை போற்றத்தக்கது. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு உள்ளே ஈரம் இருக்கக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதனை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்ட வரலாற்றை நாம் அறிவோம். குறையை மேலே வைக்கும் பண்பு அக்கையேட்டில் இருந்தது.

ஆனால் அது அறிந்தவர் அறிந்தவர்க்கு எழுதியது. ஒரே ஆய்வகத்தில் ஒரே தொழில் புரிவோருக்கு அச்சுருக்கம் போதும். அதே நடை, யாதும் அறியாத பொதுமக்களுக்கு என வந்த பின்னும் தொடர்ந்ததே இடர்ப்பாட்டின் தோற்றுவாய்.

எடுத்துக்காட்டாகச் சில கூறுகின்றேன். கையேடுகளில் தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளைக்கு முன்னால் டாலர் குறி ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அது கணினி தானே காட்டும் அடையாளம். சாதாரணப் பயனர் இடும் கட்டளை இது என்பது அதன் பொருள். நிர்வாகி இடும் கட்டளையானால் வேறொரு குறி இருக்கும். இதனை எவரும் சொல்லாததால், புதியவர் அந்த டாலர் குறியையும் சேர்த்துத் தட்டச்சு செய்கின்றார். கணினி ஏற்க மறுக்கின்றது. தம்மிடம் என்ன தவறு என்று அவருக்குத் தெரிவதில்லை.

மற்றொன்று. கட்டளை முனையத்தில் கடவுச்சொல்லைக் கேட்கும்போது, நாம் எழுத்துகளை அடித்தாலும் திரையில் வழக்கமாக எதுவும் தோன்றாது, புள்ளிகூட விழாது. பின்னால் நிற்பவர் எழுத்துகளின் எண்ணிக்கையையும் அறியக்கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட காப்பு இது. ஆனால் புதியவரோ விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று கருதிக் கைவிடுகின்றார். “எழுத்துகள் தோன்றமாட்டா, அஞ்சாமல் முழுவதும் அடித்து முடியுங்கள்” என்னும் ஒரே வரி போதுமாயிருந்தது. அவ்வரி பல கையேடுகளில் இல்லை.

மூன்றாவது இன்னும் கடுமையானது. புதிய இயங்குதளத்தை நிறுவும்போது வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் கட்டம் ஒன்று வரும். எந்தப் பகுதியை அழித்து எதனை வைத்துக்கொள்வது என்று கணினி வினவும். அறிந்தவருக்கு அது ஒரு நொடி வேலை. அறியாதவர் அங்கே தவறாகத் தேர்ந்தால், குடும்பத்தின் நிழற்படங்களும் கடைக்கணக்கும் பிள்ளைகளின் பாடக்குறிப்பும் ஒருசேர அழிந்துபோகும். ‘முதலில் வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள்’ என்று தொடக்கத்திலேயே சொல்லாத வழிகாட்டி, ஆற்றின் ஆழத்தைச் சொல்லாமல் துறையைக் காட்டியவனுக்கு ஒப்பாவான்.

இவற்றில் எதனையும் வல்லுநர் வேண்டுமென்று மறைத்தாரல்லர். பலமுறை பழகியதால் அவை அவர் கண்ணுக்குத் தெரியாமற் போய்விட்டன. ஒன்றை முழுமையாக அறிந்தவன் அறியாத நிலையை மறந்துவிடுகின்றான். இம்மறதிக்கு அவரைப் பழிக்கலாகாது. ஆனால் இது குறை என்று உணர்த்தப்பட்ட பின்னும் அதனைக் களைய முயலாதிருப்பின், அங்கே பொறுப்பு தொடங்குகின்றது.

புள்ளியும் குறியும் வந்த வரலாறு

இங்கே நம் வரலாற்றிலிருந்து ஒன்றை நினைவுகூர்வது பொருந்தும். தொடக்கக் காலத் திருக்குர்ஆன் படிகளில் இன்று நாம் காணும் உயிர்க்குறிகள் இல்லை. ஒத்த வடிவுடைய எழுத்துகளைப் பிரித்தறியும் புள்ளிகளும் பெரும்பாலும் இல்லை. நபித்தோழர்களுக்கு அவை தேவைப்படவில்லை. அரபி அவர்தம் தாய்மொழி. மறை அவர்தம் நெஞ்சில் இருந்தது. இஸ்லாம் பிற நாடுகளில் பரவி, அரபியறியாத மக்கள் ஓதத் தொடங்கியபோதுதான் பிழைகள் நேர்ந்தன. ஒலிப்பைக் காட்டும் குறிகளை முதலில் இட்டவர் ஹிஜ்ரி 69இல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ என்பது நம் முன்னோர் கூற்று. பின்னர் கலீல் இப்னு அஹ்மது அவர்கள் இன்றைய வடிவிலான குறிகளை வகுத்தார்கள்.

ஜபர், ஜேர், பேஷ் என்று நம் குழந்தைகள் மக்தபில் ராகமிட்டு ஓதும் அக்குறிகள் யாருக்காக வந்தன? அறிந்தவருக்காக அன்று, புதிதாக வந்தவருக்காக. அவை வந்ததால் மறையின் மாண்பு குறைந்ததா? இல்லை, கோடிக்கணக்கான நாவுகளில் அது பிழையின்றி ஒலிக்க அவையே துணையாயின. தொடக்கநிலையாளனை எண்ணி இடப்பட்ட ஒரு புள்ளியும் ஒரு கோடும், ஒரு சமுதாயம் முழுவதற்கும் வாயிலைத் திறந்துவிட்டன. எளிய கையேடு எழுதுவோர் தம் பணியைச் சிறிதென எண்ணும்போதெல்லாம் இவ்வரலாற்றை நினைக்கலாம்.

இரு மறுப்புகள்

இதற்கு இரு மறுப்புகள் சொல்லப்படுகின்றன. இரண்டும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல.

முதலாவது: அறிவு உழைத்துப் பெறத்தக்கது, எல்லாவற்றையும் எளிதாக்கினால் மாணவன் சோம்பனாவான் என்பது. உழைப்பின்றிக் கல்வி இல்லை என்பது உண்மையே. ஆனால் பொருளின் கடினம் வேறு. சொல்லின் கடினம் வேறு. முன்னது மாணவனை வளர்க்கும். பின்னது அவனை விரட்டும். இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் 1377இல் எழுதிய முகத்திமாவில் இதனை ஆராய்ந்திருக்கின்றார்கள். ஒரு கலையை முதலில் அதன் பரந்த தலைப்புகளால் அறிமுகம் செய்து, இரண்டாம் முறை விரித்து, மூன்றாம் முறையே சிக்கல்களை அவிழ்க்க வேண்டும் என்பது அவர்தம் கருத்து. தொடக்கத்திலேயே முடிந்த முடிபுகளை மாணவன் மேல் சுமத்தினால், அந்தக் கலையே கடினமானது என்றெண்ணி அவன் விலகிவிடுவான் என்றும், அளவுக்கு மீறிச் சுருக்கிய நூல்கள் கல்விக்கு இடையூறு என்றும் அவர்கள் கண்டறிந்து கூறினார்கள். 1971ஆம் ஆண்டு மரபில் எழுந்த கட்டளைப் பக்கங்களைப் படிப்பவர், இக்கூற்றின் உண்மையை முதற்பக்கத்திலேயே உணர்வர்.

நம் பாடத்திட்டமே இதற்குச் சான்று. அரபி இலக்கணம் பயில வரும் மாணவனிடம் எவரும் முதல் நாளில் ஆயிரம் அடிகள் கொண்ட இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யாவைக் கொடுப்பதில்லை. சில பக்கங்களேயான அஜுரூமிய்யாவைக் கொடுக்கின்றோம். பின்னரே அல்ஃபிய்யாவும் அதற்கு இப்னு அகீல் எழுதிய விரிவுரையும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஷாஃபிஈ சட்டக்கலையில் பஸீத், வஸீத், வஜீஸ் என விரிந்ததும் இடைப்பட்டதும் சுருங்கியதுமாக மூன்று நூல்கள் எழுதினார்கள். பொருள் ஒன்று, படிப்பவர் தகுதி வேறு வேறு. இன்று கையேட்டுக் கலையில் வல்லவர்களும் நான்கு வகைகளைப் பிரித்துரைக்கின்றனர்: கைப்பிடித்துப் பழக்கும் பாடம், குறிப்பிட்ட செயலை முடிக்கும் வழிமுறை, பார்த்தறியும் குறிப்பேடு, ஏன் எதற்கு என்று உரைக்கும் விளக்கம். கட்டளைப் பக்கம் குறிப்பேடு என்னும் வகையைச் சார்ந்தது. அதனைப் புதியவனிடம் பாடமாகக் கொடுப்பது, அகராதியைக் கொடுத்து மொழி பயிலச் சொல்வது போன்றதாகும்.

இரண்டாம் மறுப்பே வலிமையானது. இம்மென்பொருளை எழுதியோர் ஊதியம் பெறாமல், தம் ஓய்வு நேரத்தில் உழைத்தவர் பலர். விலை வாங்கியவனிடம் விளக்கம் கேட்க நமக்கு உரிமை உண்டு. அறமாகக் கொடுத்தவனிடம், ‘இன்னும் கொடு’ என்று எவ்வாறு கேட்பது? ஈகைக்கு மேல் ஈகையை வற்புறுத்துவது நன்றி கொன்றதாகாதா?

நேர்மையான வினா. அதற்கு விடை காண, கடமையை இரண்டாகப் பகுக்கும் நம் சட்டமரபு துணைசெய்யும். ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே விதிக்கப்பட்டது ஃபர்ளு ஐன். சமுதாயத்தின் மீது விதிக்கப்பட்டு, சிலர் நிறைவேற்றினால் அனைவர் மீதிருந்தும் நீங்குவதும், எவரும் நிறைவேற்றாவிடின் அனைவரும் குற்றவாளியாவதும் ஃபர்ளு கிஃபாயா. கிணறு தோண்டியவரே கயிறும் திரிக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. ஆனால் கயிறு இல்லாமல் கிணறு கிடக்குமானால், அதன் நீரைப் பருகும் ஊரார் அனைவரும் அதற்குப் பொறுப்பாளிகள். நிரல் எழுதிய தனிமனிதரை நாம் வற்புறுத்த இயலாது. அந்நிரலால் பயன்பெற்ற கூட்டத்தாரைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். மருத்துவம் கற்பார் இல்லாத ஊர்களில், ஃபிக்ஹின் கிளைச் சர்ச்சைகளில் மட்டும் கூட்டம் கூடுவதைக் கண்டு, இதன் உள்நோக்கம் புகழன்றி வேறென்ன என்னும் பொருள்பட இடித்துரைத்தார்கள். கணினி உலகிலும் இந்நோய் உண்டு. புதிய நிரல் எழுதுவதில் பெருமை. பழைய நிரலுக்கு எளிய விளக்கம் எழுதுவது இரண்டாந்தரப் பணி எனக் கருதுவோர் பலர். ஸ்டால்மன் அவர்களே இதனை உணர்ந்து, கட்டற்ற இயங்குதளங்களின் மிகப் பெரிய குறைபாடு மென்பொருளில் இல்லை, அதனோடு சேர்த்துக் கொடுக்கத்தக்க நல்ல கையேடுகள் இல்லாமையே என்று எழுதினார். 2000இல் கையேடுகளுக்கென்றே ஒரு கட்டற்ற உரிமமும் வெளியிடப்பட்டது. டெபியன் கூட்டத்தார் தம் விதிமுறையில், ஒரு நிரலுக்குக் கையேட்டுப் பக்கம் இல்லாவிடின் அதுவே ஒரு பிழையாகக் கொள்ளப்படும் என்று வரையறுத்தனர். விளக்கம் இல்லாமையும் பொருளின் பழுதே என்னும் இவ்வுணர்வு மிக உயர்ந்தது.

யார் எழுதத் தகுந்தவர்?

அவ்வாறாயின் அக்கடமையை முன்வந்து ஏற்கத் தகுந்தவர் யார்? மூத்த வல்லுநரா? அவரே மறந்துபோனவர் என்று கண்டோம். இன்று வந்தவரா? அவருக்கு இன்னும் தெரியாது. நேற்று வந்து, தடுமாறி, இன்று கரையேறியவரே இதற்கு முற்றும் தகுந்தவர். எந்தப் படியில் கால் வழுக்கியது என்பது அவருக்கு நினைவிருக்கின்றது. அந்நினைவு சில திங்களில் மறைந்துவிடும். ஆகவே, கற்று முடித்த பின் எழுதலாம் என்று காத்திருப்பவர், எழுதும் தகுதியையே இழந்துவிடுகின்றார்.

முற்கால மத்ரஸாக்கள் இதனை அறிந்திருந்தன. பாடம் சொல்லும் முதர்ரிஸ் ஒருவர். அவர் எழுந்து சென்ற பின், அதே பாடத்தை இளையோருக்குத் திருப்பிச் சொல்லி விளக்கும் ‘முஈத்’ மற்றொருவர். முஈத் பேரறிஞர் அல்லர். ஆனால் மாணவனுக்கு அண்மையில் நிற்பவர். கட்டற்ற இயங்குதளங்களுக்கு இன்று தேவை, மேலும் பல முதர்ரிஸ்கள் அல்லர், முஈதுகளே.

ஆயினும் எச்சரிக்கை ஒன்று உண்டு. நேற்றுக் கற்றவரின் எழுத்தில் பிழை நேரலாம். பிழையான வழிகாட்டல், வழிகாட்டல் இன்மையினும் கொடிது. இதற்கும் முன்னோர் முறை வகுத்துள்ளனர். மாணவன் எழுதிய படியை ஆசிரியர் முன் வாசித்துக் காட்டி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய பின்னரே அது நம்பத்தக்க படியாகும். புதியவர் எழுதட்டும், வல்லுநர் பார்வையிட்டுத் திருத்தட்டும். அத்தோடு, யாதும் அறியாத ஒருவரிடம் அக்கையேட்டைக் கொடுத்து, எழுதியவர் வாய்திறவாமல் அருகிலிருந்து பார்க்கட்டும். அவர் எங்கே தயங்குகின்றாரோ அங்கே ஒரு வரி குறைகின்றது என்பது பொருள். எந்தப் பதிப்புக்காக, எந்த நாளில் எழுதப்பட்டது என்பதையும் தலைப்பில் பொறிக்க வேண்டும். இயங்குதளம் மாறும், பழைய கட்டளை புதிய பதிப்பில் தீங்கு செய்யலாம். கையேடு என்பது அமானிதம். அதனை நம்பித் தம் கணினியை ஒப்படைப்பவருக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

கேட்பவரை விரட்டாமை

கையேட்டோடு இணைந்ததே கேள்விக்கு விடை சொல்லும் பண்பும். கணினியார் நடுவே நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. புதியவர் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டால், ‘கையேட்டைப் படி’ என்பதை வசைச்சொல் ஒன்றோடு கலந்து நான்கே எழுத்துகளில் சுருக்கி வீசிவிடுவர். படித்தும் விளங்காமல் வந்தவனுக்கு அதுவே மறுமொழி. எளிய கேள்விகள் மீண்டும் மீண்டும் வருவதால் விடை சொல்வோர் சலிப்படைவது இயல்பே. ஆனால் ஒரே கேள்வி நூறு பேரிடமிருந்து வருமானால், குறை அந்த நூறு பேரிடமா, கையேட்டிடமா?

யாசிப்பவரை விரட்ட வேண்டாம் என ஸூரத்துள் ளுஹாவில் வரும் கட்டளை, பொருள் கேட்போரை மட்டுமின்றி அறிவு கேட்போரையும் குறிக்கும் என விரிவுரையாளர் பலர் விளக்கியிருக்கின்றனர். சொல்லிக்காட்டுவதும் மனம் நோகச் செய்வதும் தருமத்தைப் பயனற்றதாக்கும் என்று ஸூரத்துல் பகரா எச்சரிக்கின்றது. ஆசிரியர் தாம் மாணவனுக்கு உபகாரம் செய்துவிட்டதாக எண்ணலாகாது என்பதைக் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக எண்ணியிருக்கின்றார்கள். ஆயிரம் மணி நேரம் உழைத்து உலகுக்குக் கொடுத்த மென்பொருளின் நன்மையை, ஏளனம் நிறைந்த ஒரு சொல் கரைத்துவிடுமானால் அது எத்தகைய இழப்பு!

கேட்பவருக்கும் ஒழுக்கம் உண்டு என்பதை மறுக்கவில்லை. இருக்கும் கையேட்டை முதலில் படித்தல், என்ன செய்தோம், கணினி என்ன காட்டிற்று என்பதைத் திருத்தமாகச் சொல்லுதல், விடை கிடைத்தால் நன்றி கூறுதல், அவ்விடையைப் பின்வருவோருக்காக எழுதி வைத்தல் ஆகியவை அவர் கடன். இறுதியிற் சொன்னதே தலையாயது. விடை பெற்றுக்கொண்டு போனவர், அங்கேயே கடனாளியாகி விடுகின்றார்.

நம் வீட்டு வழக்கு

ஒவ்வொரு தூதரும் தம் சமுதாயத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்றும், அவர்களுக்கு விளக்கிச் சொல்வதே அதன் நோக்கம் என்றும் ஸூரா இப்ராஹீமில் காண்கின்றோம். தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இதனைச் செயலில் கண்டவர்கள். அரபி எழுத்தை ஓதத் தெரிந்தும் தமிழ் எழுத்தை அறியாத பெண்மணிகள் நிறைந்திருந்த காலத்தில், தமிழையே அரபி எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் இலக்கியத்தை நம் ஆலிம்கள் வளர்த்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அரபியில் நூல் இயற்றும் பேராற்றல் படைத்தவர்கள். எனினும் தொழுகை, நோன்பு முதலியவற்றின் சட்டங்களை இல்லத்துப் பெண்களும் படித்தறியும் வண்ணம் ‘மகானி’, ‘ஃபத்ஹுத் தய்யான்’ ஆகியவற்றை அரபுத்தமிழில் யாத்தளித்தார்கள். அவர்தம் புலமை அதனால் குறைந்ததென்று சொல்லும் துணிவு எவருக்கும் இல்லை.

கட்டற்ற இயங்குதளங்களை மாற்றவும் மொழிபெயர்க்கவும் எவருக்கும் உரிமை உண்டு என்பதால், தமிழிலும் அப்பணி தொடங்கியிருக்கின்றது. 2012இல் தோன்றிய ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கும் கட்டுரைகளை வெளியிட்டது. ‘எளிய தமிழில்’ என்னும் தொடக்கம் கொண்ட நூல்களும் வந்தன. ஆனால் தேவையோ கடலளவு. கணினி பயின்ற இளைஞர்களும் இளம்பெண்களும் இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் உள்ளனர். வீட்டிலுள்ள பழைய கணினி ஒன்றில் இவ்வியங்குதளத்தை நிறுவி, தாம் தடுமாறிய இடங்களைத் தேதியிட்டுக் குறித்து, தம் தாயார் படித்தால் விளங்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதுவது அவர்களால் இயலாத காரியமன்று. அதனைப் பிறர் திருத்துவர், வேறொருவர் விரிப்பார். எழுதியவர் மறைந்த பின்னும் பயன் தரும் கல்வி நிலையான தருமங்களுள் ஒன்று என்பது நபிமொழி நமக்குக் கற்பித்த பாடம்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பொதுவில் வைத்ததோடு, வைத்தவரின் தனிக்கடமை ஒருவேளை தீரலாம். சமுதாயத்தின் கடமை தீராது. தாகத்தோடு வந்த கடைசி மனிதன் நீர் அருந்தும் வரை அது நிலுவையில் நிற்கின்றது. அதனைத் தீர்க்கும் முறை, நேற்று அருந்தியவர்களிடமிருந்து தொடங்குகின்றது. அறிந்ததை அறியாதவர்க்கு எளிமையாகவும் கனிவாகவும் எடுத்துரைக்கும் பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.